எத்தனை பேர், யாருக்கு என்ன வேலை: அணி விளையாட்டுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

அணியாக ஆடும் ஒரு விளையாட்டைக் கற்க வருகிறவர்கள் பெரும்பாலும் பந்தை எப்படி அடிப்பது, எப்படிப் பிடிப்பது என்பதில்தான் தொடங்குவார்கள். கைத்திறன் தேவைதான். ஆனால் களத்தில் எத்தனை பேர், அவர்களில் யாருக்கு என்ன வேலை என்பது தெரியாமல் இறங்கினால், நன்றாக அடிக்கத் தெரிந்தவரும் எங்கே நிற்பது என்று புரியாமல் பந்துக்குப் பின்னாலேயே ஓடிக்கொண்டிருப்பார். அது தெரிந்தவர் கைத்திறன் குறைவாக இருக்கும் முதல் வாரத்திலேயே அணிக்கு உதவ முடியும். ஆடப் போகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துப் புரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

முதல் படி: மூன்று எண்களைக் கேளுங்கள்

"இந்த ஆட்டத்துக்கு எத்தனை பேர்?" என்று கேட்டால் ஒரே ஒரு எண்தான் பதிலாக வரும். அது போதாது. அணிப் பட்டியலில் எத்தனை பேர் இருக்கலாம், ஒரே நேரத்தில் களத்தில் எத்தனை பேர் நிற்கலாம், எத்தனை பேருக்குக் கீழே போனால் ஆட்டத்தைத் தொடர முடியாது என்று மூன்றையும் கேளுங்கள்.

கபடியில் பட்டியலில் 12 பேர், களத்தில் 7 பேர். கூடைப்பந்தில் பட்டியலில் 12 பேர், களத்தில் 5 பேர். கால்பந்தில் களத்தில் 11 பேர், கைப்பந்தில் (வாலிபால்) 6 பேர்.

ஆட்டத்தின் குணத்தைச் சொல்வது மூன்றாவது எண்தான். கால்பந்தில் ஓர் அணியில் 7 பேருக்குக் குறைவானால் ஆட்டம் நடக்காது. அதாவது நான்கு பேர் குறைந்தாலும் தொடரலாம். கூடைப்பந்தில் தொடங்குவதற்கு ஐவர் வேண்டும். தொடங்கிய பிறகு தவறுகளால் ஆட்கள் வெளியேறி, மாற்று ஆளும் இல்லாமல் போனால், இருவர் மிஞ்சும் வரைகூட ஆடலாம். கைப்பந்தில் அப்படி முடியாது. ஆறு பேரில் ஒருவர் போய், அவர் இடத்துக்கு வர யாரும் இல்லையென்றால் அணி முழுமையற்றதாகிவிடும். அந்தச் செட்டோ முழு ஆட்டமோ எதிரணிக்குப் போய்விடும். கைப்பந்தில் ஆறு இடங்களும் ஒன்றோடொன்று எவ்வளவு இறுக்கமாகப் பிணைந்திருக்கின்றன என்பதை இந்த ஒரு விதியே காட்டிக்கொடுக்கிறது.

மாற்று ஆட்டக்காரர் விதியையும் கையோடு கேட்டுக்கொள்ளுங்கள். ஹாக்கியிலும் கூடைப்பந்திலும் எத்தனை முறை வேண்டுமானாலும் போய் வரலாம். பெரிய கால்பந்துப் போட்டிகளில் ஐந்து மாற்றங்கள். வெளியே போனவர் திரும்ப வர முடியாது. கிரிக்கெட்டில் வழக்கமான மாற்று ஆட்டக்காரர் ஃபீல்டிங் செய்யலாம். பேட்டிங், பௌலிங், கேப்டன் பொறுப்பு மூன்றும் அவருக்குக் கிடையாது. புதியவரான நீங்கள் பெஞ்சில்தான் தொடங்குவீர்கள். எப்போது அழைப்பு வரும், எவ்வளவு நேரம் கிடைக்கும் என்பதெல்லாம் இந்த விதியில்தான் இருக்கிறது.

இரண்டாவது படி: ஒருவருக்கு எவ்வளவு இடம் என்று கணக்குப் போடுங்கள்

இதை யாரும் சொல்லித் தருவதில்லை. ஆனால் ஒரு விளையாட்டைச் சட்டென்று புரியவைக்கும் கணக்கு இது. களத்தின் பரப்பளவை ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள்.

பெரிய போட்டிகளில் வழக்கமான கால்பந்துத் திடல் 105 மீட்டருக்கு 68 மீட்டர். 22 பேருக்குப் பகிர்ந்தால் ஒருவருக்குச் சுமார் 325 சதுர மீட்டர். கூடைப்பந்து மைதானம் 28-க்கு 15. பத்துப் பேருக்கு ஆளுக்கு 42 சதுர மீட்டர். கைப்பந்தில் ஓர் அணியின் பக்கம் 9-க்கு 9. ஆறு பேருக்கு ஆளுக்கு 13.5 சதுர மீட்டர்தான்.

இடம் நிறைய இருக்கும் ஆட்டத்தில் ஒருவர் பெரும்பாலான நேரம் பந்து இல்லாமல்தான் இருப்பார். அங்கே எங்கே போய் நிற்கிறார் என்பதே பாதி ஆட்டம். இடம் குறுகிய ஆட்டத்தில் ஒவ்வொருவரும் ஓயாமல் பந்தைத் தொட வேண்டிவரும். யோசிக்க நேரம் இருக்காது, அதனால் வேலைகளை முன்கூட்டியே பிரித்து வைத்திருப்பார்கள். கடற்கரைக் கைப்பந்தில் ஒரு பக்கம் 8-க்கு 8 என்று கொஞ்சம் சுருங்குகிறது, ஆனால் ஆட்கள் இருவர்தான். ஆளுக்கு 32 சதுர மீட்டர். மாற்று ஆட்டக்காரரும் இல்லை. உள்ளரங்கில் 'நான் செட்டர்' (அடிப்பதற்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவர்), 'நான் ஸ்பைக்கர்' (ஓங்கி அடிப்பவர்) என்று ஒரே வேலையில் இருந்தவர் இங்கே வந்தால் எல்லாவற்றையும் செய்தாக வேண்டும்.

எண்ணிக்கை ஏதோ கல்லில் பொறித்தது என்று நினைத்துவிடாதீர்கள். 1891-இல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தை உருவாக்கியபோது அணிக்கு ஒன்பது பேர். வகுப்பில் இருந்த 18 மாணவர்களை இரண்டாகப் பிரித்தார், அவ்வளவுதான். ஐந்து என்று நிலைபெற்றது 1897-இல். ரக்பி இன்றும் 15 பேர், 13 பேர், 7 பேர் என்று மூன்று வடிவங்களில் ஆடப்படுகிறது. ஏழு பேர் ஆடும் வடிவத்திலும் திடல் அதே முழு அளவுதான். அதனால்தான் அதில் வேகமாக ஓடுகிறவர்களுக்கு அத்தனை மதிப்பு.

மூன்றாவது படி: விதி கொடுத்த வேலையையும் அணி கொடுத்த வேலையையும் பிரித்துப் பாருங்கள்

புதியவர்கள் அதிகம் குழம்பும் இடம் இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நின்று போகலாம்.

கால்பந்து விதிகளில் 'ஸ்ட்ரைக்கர்', 'டிஃபெண்டர்', 'மிட்ஃபீல்டர்' என்று யாருக்கும் தனி உரிமை கிடையாது. கோல்கீப்பருக்கு மட்டும்தான் உண்டு. தன் பெனால்டி பகுதிக்குள் அவர் கையால் பந்தைத் தொடலாம், அதனால் அவருடைய சட்டையின் நிறமும் வேறு. மற்ற பத்துப் பேரும் விதியின் கண்ணில் ஒன்றுதான். டிஃபெண்டர் முன்னால் போய் கோல் அடித்தால் நடுவர் எதுவும் கேட்க மாட்டார். விட்டுப்போன இடத்தைப் பற்றிப் பயிற்சியாளர் கேட்பார். 4-4-2, 4-3-3 என்று சொல்கிறார்களே, கூட்டிப் பாருங்கள், பத்துதான் வரும். கோல்கீப்பரின் இடம் மாறாதது என்பதால் அவரைக் கணக்கில் சேர்ப்பதில்லை. முதல் எண் தடுப்பவர்கள், கடைசி எண் தாக்குபவர்கள்.

இதற்கு நேர் எதிர்முனையில், கூடைப்பந்தைப் போல வளையத்தில் பந்து போடும் நெட்பால் இருக்கிறது. ஏழு பேர், ஏழு பேருக்கும் மார்பில் எழுத்து ஒட்டியிருக்கும். அந்த எழுத்துதான் அவர் மைதானத்தின் எந்தப் பகுதிகளுக்குள் போகலாம் என்பதை முடிவு செய்கிறது. கோல் போடும் உரிமை ஏழு பேரில் இருவருக்கு மட்டும். தப்பான பகுதிக்குள் கால் வைத்தாலே பந்து எதிரணிக்கு.

கிரிக்கெட் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. கையுறையும் வெளியே தெரியும் கால்காப்பும் அணிந்து ஃபீல்டிங் செய்யும் உரிமை விக்கெட் கீப்பருக்கு மட்டுமே. பந்துவீசுவதற்கு அப்படித் தனி ஆள் என்று விதி எவரையும் குறிப்பிடவில்லை. அந்த வேலையை ஓர் எண் உருவாக்கிவிடுகிறது. டி20-யில் ஒருவர் 4 ஓவருக்கு மேல் வீச முடியாது. அப்படியானால் 20 ஓவரை முடிக்கக் குறைந்தது ஐந்து பேர் வேண்டும். கீப்பர் ஒருவர். மிஞ்சுவது ஐந்து பேர். அந்த ஐவரை மட்டுமே பேட்டிங்குக்கு நம்ப முடியாது என்பதால்தான் இரண்டும் தெரிந்த ஆல்ரவுண்டரைத் தேடி ஓடுகிறார்கள். 11 என்ற எண்ணும் 4 என்ற எண்ணும் சேர்ந்து ஒரு புது வேலையையே உண்டாக்கியிருக்கின்றன.

விதி கொடுத்ததை மீறினால் தண்டனை கிடைக்கும். அணி கொடுத்ததை மீறினால் களத்தில் ஓட்டை விழும். எனவே முன்னதை முதல் நாளே மனப்பாடம் செய்யுங்கள். பின்னதைக் கேப்டனிடம் கேட்டு, ஆடி, மாற்றிக்கொண்டே போகலாம். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டவர்கள், போகக்கூடிய இடத்துக்கும் போகத் தயங்கி அப்படியே நிற்பார்கள்.

நான்காவது படி: வேலை எப்போது கைமாறுகிறது என்று பாருங்கள்

சில ஆட்டங்களில் உங்கள் பங்கு ஆட்டம் முழுவதும் ஒன்றுதான். சிலவற்றில் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். கோ-கோவில் ஒன்பது பேர் துரத்தும் அணியில். எட்டுப் பேர் மாறிமாறி எதிர்த்திசை பார்த்து உட்கார்ந்திருக்க, ஒருவர் மட்டும் ஓடித் துரத்துகிறார். முதுகைத் தட்டி 'கோ' கொடுத்த மறுகணம் உட்கார்ந்திருந்தவர் துரத்துபவராகிறார், கொடுத்தவர் அவர் இடத்தில் உட்காருகிறார். எதிரே தப்பி ஓடுகிறவர்கள் மூன்று மூன்று பேராக உள்ளே வருவார்கள்.

ஆனால் வேலை கைமாறுவதை முழுதாகப் புரிந்துகொள்ளக் கைப்பந்துதான் நல்ல பாடம். ஒருமுறை காகிதத்தில் வரைந்து பாருங்கள். வலையைப் பார்த்து நின்றால் பின்வரிசை வலது மூலை 1-ஆம் இடம். அங்கிருந்து முன்வரிசையில் வலது 2, நடு 3, இடது 4; பின்வரிசையில் இடது 5, நடு 6. எதிரணி சர்வீஸ் போட்டு நீங்கள் அந்தப் புள்ளியை வென்றால் எல்லோரும் கடிகாரச் சுற்றில் ஓர் இடம் நகர்வீர்கள். 2-இல் இருந்தவர் 1-க்கு வந்து சர்வீஸ் போடுவார்.

இங்கே விதி சொல்வது: பின்வரிசை மூவர் வலையில் எழும்பி எதிரணியின் அடியைத் தடுக்கும் பிளாக்கைச் செய்யக் கூடாது. வலையிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி இருக்கும் கோட்டுக்கு முன்னால் இருந்து, வலைக்கு மேலே முழுதாக இருக்கும் பந்தை எதிர்ப்பக்கம் அடிக்கவும் கூடாது. சர்வீஸை எதிர்கொள்ளும் அணி, பந்து அடிக்கப்படும் கணத்தில் வரிசை குலையாமல் நிற்க வேண்டும். அடித்த அடுத்த நொடி யார் எங்கு வேண்டுமானாலும் ஓடலாம். சர்வீஸ் போனதும் ஆறு பேரும் திடீரென்று குறுக்கும் நெடுக்கும் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். தங்களுக்குப் பழக்கமான வேலை இருக்கும் இடத்துக்குத்தான் போகிறார்கள்.

அணிகள் பொதுவாக இப்படிப் பிரிக்கும்: செட்டர் ஒருவர், அவருக்கு எதிரே ஆபோசிட் ஒருவர், ஓரத்தில் அடிப்பவர்கள் இருவர், நடுவில் பிளாக் செய்பவர்கள் இருவர். இந்த மூன்று ஜோடிகளில் ஒவ்வொன்றின் இருவரையும் சுற்றில் மூன்று இடம் தள்ளி நிறுத்துவார்கள். அதனால் எத்தனை முறை சுற்றினாலும் ஒவ்வொரு ஜோடியிலும் ஒருவர் முன்வரிசையில், ஒருவர் பின்வரிசையில் இருப்பார்கள். எவ்வளவு அழகான ஏற்பாடு இது! நடு பிளாக்கர் பின்வரிசைக்குப் போகும்போது அவருக்குப் பதிலாகப் பெரும்பாலும் லிபரோ உள்ளே வருவார். 1998-இல் உலக அளவில் வந்த பங்கு இது. வேறு நிறச் சட்டை போட்டிருப்பார், பந்தை எடுப்பதுதான் வேலை. பிளாக் செய்ய முடியாது, வலைக்கு மேலிருக்கும் பந்தை அடிக்கவும் முடியாது. உயரம் குறைவு என்பதால் கைப்பந்து நமக்கு வராது என்று ஒதுங்குகிறவர்கள் இந்தப் பங்கை அவசியம் யோசித்துப் பார்க்க வேண்டும்.

ஐந்தாவது படி: ஓர் ஆள் குறைந்தால் என்ன ஆகிறது என்று எண்ணிப் பழகுங்கள்

கபடி இதற்கென்றே பிறந்த ஆட்டம். அதில் எண்ணிக்கை ஒரு நிலையில் நிற்பதே இல்லை. பிடிபட்டவரும் தொடப்பட்டவரும் வெளியே போவார்கள். எதிரணியில் ஒருவரை வெளியேற்றினால் நம் பக்கம் ஒருவர், வெளியே போன வரிசைப்படி, உள்ளே வருவார்.

எண்ணிக்கை மாறும்போது எல்லோருடைய வேலையும் மாறுகிறது. எதிரே ஆறு அல்லது ஏழு பேர் இருந்தால், எதிர்ப்பக்கம் பாடிப் போகும் ரைடருக்கு அங்கே பின்பகுதியில் இருக்கும் போனஸ் கோடு திறந்திருக்கிறது. யாரையும் தொடாமலே ஒரு புள்ளி எடுத்துத் திரும்பலாம். ஆனால் அந்தப் புள்ளி வெளியே இருக்கும் தோழர் எவரையும் உள்ளே கொண்டுவராது. எதிரே ஐந்து பேரானதும் போனஸ் போய்விடும், தொட்டால்தான் புள்ளி. மூன்று பேரோ அதற்குக் குறைவோ இருக்கும்போது அவர்கள் ரைடரைப் பிடித்துவிட்டால் சூப்பர் டேக்கிள். ஒன்றுக்குப் பதில் இரண்டு புள்ளி. குறைந்திருப்பவர்களுக்கு அங்கே ஒரு வாய்ப்பு பிறக்கிறது. கடைசி ஆளும் போனால் ஆல் அவுட், எதிரணிக்குக் கூடுதலாக இரண்டு புள்ளி. கார்னரில் (ஓரத்தில்) நிற்பவர் காலைப் பிடிக்க, கவரில் (அவருக்கு உள்பக்கம்) நிற்பவர் வந்து மறிக்க என்று ஏழு பேருக்குப் போட்ட திட்டம் மூன்று பேரில் செல்லாது. அப்போது கைகோத்து நிற்கும் சங்கிலி கிடையாது. ஒருவர் துணிந்தால் மற்ற இருவரும் அதே நொடியில் பாய வேண்டும்.

ஆகவே கபடி கற்கிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் பயிற்சி, ஒவ்வொரு ரைடும் தொடங்கும் முன் இரு பக்கமும் எத்தனை பேர் என்று வாய்விட்டு எண்ணுவது. ரைடுக்கு இருப்பது 30 நொடிதான். உள்ளே போன பிறகு எண்ணிக்கொண்டிருக்க முடியாது.

மற்ற ஆட்டங்களிலும் இதே கேள்வியைக் கேளுங்கள். கால்பந்தில் சிவப்பு அட்டையால் பத்துப் பேரானால் பல அணிகள் தாக்குபவர் ஒருவரைக் குறைத்து 4-4-1 என்று சுருங்கும். அப்போது முன்னால் தனியாக நிற்பவரின் வேலை கோல் அடிப்பதைவிடப் பந்தைப் பிடித்து வைத்துக்கொண்டு தோழர்களுக்கு மூச்சுவிட நேரம் கொடுப்பதாக மாறிவிடும். ஹாக்கியில் தோற்றுக்கொண்டிருக்கும் அணி கடைசி நிமிடங்களில் கோல்கீப்பரையே வெளியே எடுத்துவிட்டு இன்னொரு தாக்கும் ஆட்டக்காரரை இறக்குவதையும் பார்க்கலாம்.

திரை விளையாட்டுகளிலும் இதுவே கதை. ஓவர்வாட்ச் என்ற இணைய ஆட்டத்தில் முதலில் அணிக்கு ஆறு பேர். 2022-இல் வந்த இரண்டாம் பதிப்பு அதை ஐந்தாக்கியபோது, முன்னால் நின்று அடி தாங்கும் டேங்க் இருவராக இருந்தது ஒருவரானது. இருவர் பகிர்ந்துகொண்ட பாரம் ஒருவர் தலையில் விழுந்தது. ஐந்து பேர் ஆடும் எந்த இணைய ஆட்டத்தில் சேர்ந்தாலும், தாக்குபவர், தாங்குபவர், உயிர்கொடுப்பவர் என்ற பிரிவில் அணியில் ஏற்கெனவே எது இருக்கிறது, எது இல்லை என்று பார்த்துவிட்டுப் பாத்திரத்தைத் தேர்ந்தெடுங்கள்.

ஆறாவது படி: உங்களுக்கென்று ஒரு வேலையைக் கேட்டு வாங்குங்கள்

பார்த்ததும் படித்ததும் போதும், இனி ஆட வேண்டும். அதற்கு முன் ஒரு முழு ஆட்டத்தைப் பந்தைப் பார்க்காமல் பாருங்கள். நீங்கள் நிற்க விரும்பும் இடத்தில் ஆடும் ஒரே ஓர் ஆட்டக்காரரை மட்டும் கண்ணால் பின்தொடருங்கள். பந்து எதிர்மூலையில் இருக்கும்போது அவர் என்ன செய்கிறார் என்பதுதான் நீங்கள் கற்க வேண்டியது.

பிறகு கேப்டனிடமோ பயிற்சியாளரிடமோ இந்த மூன்றைக் கேளுங்கள்: பந்து நம்மிடம் இருந்தால் நான் எங்கே இருக்க வேண்டும்? அவர்களிடம் போனால் எங்கே, யாரைப் பார்த்துக்கொள்ள வேண்டும்? ஆட்டம் நின்று மறுபடி தொடங்கும்போது என் இடம் எது? இவற்றுக்குப் பதில் கிடைத்துவிட்டால் ஒப்புக்குச் சப்பாணியாக நிற்க வேண்டியதில்லை.

ஒரே இடத்தில் சில வாரங்களாவது தொடர்ந்து ஆடுங்கள். ஒவ்வொரு நாளும் இடம் மாறினால் எதிலும் கண் பழகாது. அப்புறம், புதிதாக வந்தவரை, ஆட வராதவரைக் கோல்கீப்பராக நிறுத்தும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. இது ரொம்பத் தவறு. முழுக் களத்தையும் பார்த்துத் தடுப்பவர்களை வழிநடத்த வேண்டிய ஒரே ஆள் அவர்தான். அவருடைய ஒரு பிழை நேராகக் கோலாகிறது. ஆட்டத்தையே இன்னும் அறியாதவரிடம் அந்தப் பொறுப்பைத் தள்ளிவிட்டு, கோல் விழுந்ததும் அவரைத் திட்டினால் அவர் மறுநாள் வர மாட்டார். உங்களை அப்படி நிறுத்தினால் தயங்காமல் மறுத்துப் பேசுங்கள். பக்கவாட்டுத் தடுப்பாளராக நிற்கக் கேளுங்கள். ஒருபக்கம் கோடு இருப்பதால் பார்க்க வேண்டிய திசை குறைவு, அருகிலேயே உதவிக்கு ஆள் இருப்பார்கள்.

மேசை ஆட்டங்களுக்கு இவ்வளவு தேவையில்லை. பெட்டியில் 2 முதல் 4 பேர், 3 முதல் 6 பேர் என்று போட்டிருப்பார்கள். அந்த எல்லைக்குள் எல்லா எண்ணிக்கையிலும் ஆட்டம் ஒரே மாதிரி இருக்காது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். இரண்டு பேர் ஆடினால் எதிராளியின் இழப்பு அப்படியே உங்கள் லாபம். மூன்றாவது ஆள் வந்ததும் பேரம், கூட்டணி, முன்னால் இருப்பவரைச் சேர்ந்து தடுப்பது எல்லாம் தொடங்கிவிடும். பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் நால்வர், ஆளுக்கு 13 சீட்டு, எதிரெதிரே அமர்பவர்கள் ஜோடி. முதல் சீட்டு இறங்கியதும் ஏலத்தை வென்ற ஜோடியில் ஒருவர் தன் சீட்டுகளை மேசையில் விரித்து வைத்துவிட்டு ஒதுங்கிவிடுவார். இருவர் கையையும் அவருடைய ஜோடியே ஆடுவார். 'டம்மி' என்பது அவர் பெயர். சும்மா இருப்பதும் விதி கொடுத்த பங்குதான், அந்த நேரத்தில் யோசனை சொல்லக்கூட அவருக்கு உரிமையில்லை.

ஏழாவது படி: ஆள் போதாதபோது ஆட்டத்தை வெட்டித் தையுங்கள்

நடைமுறையில் சரியான எண்ணிக்கை அபூர்வமாகத்தான் சேரும். பதினொருவர் வேண்டிய ஆட்டத்துக்கு ஏழு பேர் வந்து நிற்பார்கள். அப்போது ஆட்களைக் குறைத்த அளவுக்குக் களத்தையும் குறையுங்கள். மேலே போட்ட இடக்கணக்கு இங்கே கைகொடுக்கும். ஐவர் ஆடும் ஃபுட்சாலின் பெரிய போட்டி மைதானம் 40 மீட்டருக்கு 20 மீட்டர், ஆளுக்கு 80 சதுர மீட்டர் வருகிறது. கால்பந்தை ஐந்து பேருக்குச் சுருக்கும்போது அதையே அளவாக வைத்துக்கொள்ளலாம். கோல் கம்பங்களையும் நெருக்கி வையுங்கள்.

ஒற்றைப்படையில் வந்தால் ஒருவரைப் பொது ஆளாக வையுங்கள். கிரிக்கெட்டில் அவர் இரு அணிக்கும் பேட்டிங் செய்வார். கால்பந்திலும் கூடைப்பந்திலும் பந்து யாரிடம் இருக்கிறதோ அந்தப் பக்கம் ஆடுவார். இந்தப் பொறுப்புக்கு நன்றாக ஆடத் தெரிந்தவரைத் தேர்ந்தெடுங்கள். பக்கம் மாறுவதை நொடியில் உணர வேண்டும் என்பதால் புதியவருக்கு அது குழப்பம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றினால் யாருக்கும் சலிப்பும் வராது.

கிரிக்கெட்டில் இரு பக்கமும் ஃபீல்டர்கள் போதவில்லையென்றால் ஆஃப் சைடு மட்டும் ஆடுவது என்று வைத்துக்கொண்டு, மற்றப் பக்கம் அடித்தால் ஓட்டம் இல்லை என்று சொல்லிவிடுங்கள். கோல்கீப்பராக யாரும் முன்வரவில்லையென்றால் கோல் விழுந்ததும் ஆள் மாற்றுங்கள். எதைச் செய்வதானாலும் பந்தை எடுக்கும் முன்பே எல்லோரும் கேட்கும்படி ஒருமுறை சொல்லுங்கள்: எத்தனை பேர், யார் பொது, யார் எப்போது மாறுவது, ஒருவர் பாதியில் கிளம்பினால் எந்தப் பக்கத்திலிருந்து யார் அந்தப் பக்கம் போவது.